மோண்ட்நஃட்: கர்நாடக இசை பழகிய குரலுக்கு ஒரு ஜெர்மன் பாடல்

சிங்கப்பூரில் சிறுவயது முதல் கர்நாடக இசை கற்று, பின்னர் குரல் தேர்வுக்காகவோ வெறும் ஆர்வத்தினாலோ மேற்கத்தியப் பாடலின் பக்கம் வருகிறவர்களுக்கு ஆசிரியர்கள் எப்போதாவது ஒரு ஜெர்மன் பாடலை எடுத்து நீட்டுவது உண்டு. புரியாத மொழி, மூன்று பக்க இசைத்தாள், அருகில் ஒரு பியானோ என்று எல்லாம் சேர்ந்து முதல் வாரத்திலேயே மிரட்டிவிடும். நானும் அப்படி மிரண்டவள்தான். அந்தப் பாடலை எந்த வரிசையில் அணுகினால் நம் காதுக்கும் நாவுக்கும் எளிதாகப் பிடிபடும் என்பதை, ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு இங்கே எழுதுகிறேன்.

ஜெர்மன் மொழியில் பாட்டுக்கு லீட் என்று பெயர். பன்மையில் லீடர் என்பார்கள், தலைவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஒரு கவிஞர் எழுதி முடித்த கவிதையை இசையமைப்பாளர் ஒருவர் எடுத்து, ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்கும் உரியதாக, கடைசிச் சுரம் வரை எழுதிவைத்துவிடுவதே இந்த வடிவம். கீர்த்தனையில் பெரும்பாலும் சொல்லையும் இசையையும் ஒருவரே படைக்கிறார். இங்கே இரண்டும் வெவ்வேறு கைகள் என்பதால், இசையமைப்பாளர் அந்தக் கவிதையை எப்படி வாசித்தார் என்பதுதான் நமக்குக் கிடைக்கும் பாடல். ஆகவே நாமும் முதலில் கவிதையை வாசிக்க வேண்டும். மெட்டைத் தொடுவது அதற்குப் பிறகுதான்.

தொடக்கத்திற்கு ஷூபர்ட் 1815இல் இசையமைத்த எர்ல்கோனிக் பாடலைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதைசொல்லி, தந்தை, மகன், பேயரசன் என்று நான்கு பேரின் குரலை ஒருவரே மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். பியானோ வாசிப்பவரின் வலக்கை பாதியிலேயே மரத்துப்போகும். அதைவிட, ராபர்ட் ஷூமான் 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் இசையமைத்த மோண்ட்நஃட், அதாவது நிலவிரவு, நமக்கு நல்ல வாசல். ஐஷெண்டோர்ஃப் கவிதைகள் பன்னிரண்டுக்கு அவர் இசையமைத்துத் தொகுத்த லீடர்க்ரைஸ், ஓபஸ் (அதாவது படைப்பு எண்) 39 என்ற வரிசையில் இது ஐந்தாவது. இசைத்தாளின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், ஐஎம்எஸ்எல்பி இணையத்தளத்தில் பழைய பதிப்புகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

கவிதை பன்னிரண்டே அடிகள், நான்கு நான்காக மூன்று பத்திகள். வானம் பூமியை ஓசையின்றி முத்தமிட்டதைப் போல் இருந்தது, அதனால் பூவொளியில் கிடக்கும் அவள் இனி அவனையே கனவு காண வேண்டும் என்பதைப் போல் இருந்தது என்று முதல் பத்தி சொல்கிறது. இரண்டாம் பத்தியில் காற்று வயல்களின் ஊடே செல்கிறது, கதிர்கள் மெல்ல அலைகின்றன, காடுகள் தணிவாகச் சலசலக்கின்றன, இரவு அத்தனை தெளிந்த விண்மீன் இரவாக இருக்கிறது. மூன்றாவதில்தான் பேசுகிறவர் தலைகாட்டுகிறார்: என் ஆன்மா தன் சிறகுகளை அகல விரித்து, அமைதியான நிலங்களின் மேல், வீட்டுக்குப் பறப்பதைப் போலப் பறந்தது.

இதை உங்கள் கையால் ஒருமுறை தமிழில் எழுதிப் பாருங்கள், அழகாக வராவிட்டாலும் பரவாயில்லை. எழுதும்போதுதான் இரண்டு செய்திகள் கண்ணில் படும். ஒன்று, ஜெர்மனில் வானம் ஆண்பால், பூமி பெண்பால். ஆகவே அவள், அவன் என்ற சொற்கள் அங்கே இயல்பாக விழுகின்றன. தமிழில் இரண்டும் அஃறிணை என்றாலும் நிலமகள் என்ற சொல் நம்மிடம் இருப்பதால் அந்த முத்தம் நமக்கு அந்நியமாகப் படுவதில்லை. மற்றொன்று, கவிதை ஒரு ‘போல’வில் தொடங்கி இன்னொரு ‘போல’வில் முடிகிறது. வானம் உண்மையில் முத்தமிடவில்லை. ஆன்மாவும் உண்மையில் வீடு போய்ச் சேரவில்லை. இடையில் வரும் இரண்டாம் பத்தியில் மட்டுமே உவமை இல்லை, கண்டதும் கேட்டதும்தான் இருக்கின்றன.

சங்கப் பாடலின் திணை அமைப்பைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது கைவந்த பாடம். இரவும் நிலமும் முதற்பொருளாக முன்னால் வர, கதிரும் காடும் கருப்பொருளாக அடுத்து நிற்க, உரிப்பொருளான ஏக்கம் கடைசியில் திறக்கிறது. ஐஷெண்டோர்ஃபுக்கு அகத்திணை தெரியாது; ஆனால் புறக்காட்சியைச் சொல்லியே அகத்தைச் சொல்லிவிடும் வழக்கம் ஜெர்மன் ரொமான்டிக் கவிஞர்களிடமும் வலுவாக இருந்தது. அவர் 1788இல் சைலீசியாவில் லுபோவிட்ஸ் மாளிகையில் பிறந்தவர்; அந்த இடம் இன்று போலந்தில் இருக்கிறது. குடும்பம் கடனில் மூழ்கி அந்த வீடு கைவிட்டுப் போனது என்பதை அறிந்து படித்தால், கடைசிச் சொல்லான வீடு கொஞ்சம் கனக்கும். விண்மீன் தெளிந்த இரவு என்ற தொடரைப் பாடும்போது மட்டும் நம் ஊர்க்காரர்களுக்குச் சிறிது சங்கடம் உண்டு. என் வீவக அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்தால், விளக்கொளியில் சிவந்த மேகமும் தப்பித் தவறி ஒன்றிரண்டு விண்மீன்களுமே தெரியும். ஊருக்குப் போனபோது மின்சாரம் நின்ற ஓர் இரவில் வயல் வரப்பில் பார்த்த வானத்தைத்தான் நான் நினைவில் வைத்துப் பாடுகிறேன்.

இனி உச்சரிப்பு. ஒரு வாரம் முழுவதும் பாடாமல் பேச மட்டும் செய்யுங்கள், அவசரம் வேண்டாம். தமிழ் தெரிந்தவர்களுக்கு இங்கே யாரும் சொல்லித்தராத ஒரு வசதி இருக்கிறது: குறில், நெடில். ஜெர்மனிலும் உயிரின் அளவு மாறினால் சொல்லே மாறிவிடும். இரவு என்று பொருள்படும் நஃட் குறில். வீட்டை நோக்கி என்னும் தொடரில் வரும் நாஃ நெடில். வானம் என்ற ஹிம்மெல் குறிலில் தொடங்குகிறது; பூமி என்ற ஏர்டெ நெடிலில். எழுத்தில் மெய் இரட்டித்திருந்தால் அதற்கு முன்னுள்ள உயிர் குறில் என்று பொருள். நம் வழக்கப்படி அந்த மெய்யையும் அழுத்தி இரட்டிக்க வேண்டியதில்லை. மெட்டில் குறில் உயிர் நீண்ட சுரத்தில் விழும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். சுரத்தை முழுமையாகவே நீட்ட வேண்டும். ஆனால் உயிரின் நிறம் குறிலுக்கு உரியதாக, சற்றுத் திறந்ததாக இருக்க வேண்டும். ஹிம்மெல் ஒருபோதும் ஹீமெல் ஆகிவிடக் கூடாது.

மேலே நஃட் என்று ஆய்தம் போட்டு எழுதியது விளையாட்டுக்கு அல்ல. தொண்டையின் பின்புறம் காற்று உரசி வரும் அந்த ஜெர்மன் ஒலிக்கு, அஃது என்று சொல்லும்போது எழும் ஆய்தமே மிக அருகில் இருக்கிறது. இந்தப் பாடலில் அது மூன்று இடங்களில் வருகிறது: மெல்ல என்னும் ஸஃட், இரவு என்னும் நஃட், கடைசி அடியின் நாஃ. இதே எழுத்துக்கூட்டல் டுர்ஹ் என்ற சொல்லில் வரும்போது வேறு ஒலியாகிவிடும். அங்கே நாக்கை ‘ய்’ சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் விட வேண்டும். டுர்ஹ் இரண்டு முறை வருவதால் இதைத் தனியாகப் பழகிவிடுவது நல்லது.

உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிர்கள்தான் எல்லோரையும் படுத்துகின்றன. வாய்க்குள் ‘ஈ’ சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள். வருவதுதான் முதல் ஒலி. முத்தமிட்ட, பூ, வேண்டும், சிறகு ஆகிய நான்கு சொற்களிலும் அது இருக்கிறது. முதலாவதிலும் மூன்றாவதிலும் குறில், மற்ற இரண்டிலும் நெடில். இதைப் போலவே ‘ஏ’ சொல்லிக்கொண்டு உதட்டை ‘ஓ’வுக்குக் கொண்டுபோனால் கடைசி அடியில் ‘பறப்பதைப் போல’ என்ற இடத்துக்கான ஒலி கிடைக்கும். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் உதட்டைப் பார்த்துக்கொண்டே பழகுங்கள். பெருவிரைவு ரயிலில் இதைச் செய்ய வேண்டாம். எதிர் இருக்கைக்காரர் தமக்கு ஏதோ சமிக்ஞை என்று நினைத்துக்கொள்வார், எனக்கு நேர்ந்திருக்கிறது.

நமக்கே உரிய ஒரு பிழையும் உண்டு. வல்லின மெய்யில் சொல் முடிந்தால் நம் நாக்கு தானாக ஒரு குற்றியலுகரத்தை ஒட்டிவிடும். பஸ் பஸ்ஸு ஆவதைப் போல, நஃட் நஃட்டு ஆகும், ஹவுஸ் ஹவுஸு ஆகும். என் முதல் குரல் தேர்வில், பாட்டு நன்றாகப் போய்விட்டது என்ற நிறைவோடு வெளியே வந்தேன். பிறகு கைக்கு வந்த மதிப்பெண் தாளில், கடைசிச் சொல்லுக்குப் பின்னால் வந்த கூடுதல் அசை எது என்று தேர்வாளர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ‘ட்’ என்று முடித்த பிறகு உள்ளங்கையை வாயருகே வைத்துப் பார்த்தால், சிறு காற்றுத் துணுக்கு மட்டும் படவேண்டும். தொண்டை அதிரக் கூடாது. உச்சரிப்பை முறையாகத் திருத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் இங்குள்ள கோத்தே நிலையத்தின் தொடக்கநிலை வகுப்பில் சேரலாம்.

அடுத்தது சுருதி. மூலத்தில் இந்தப் பாடல் ஈ மேஜரில் இருக்கிறது. நம் கணக்கில் மூன்று கட்டையில் சங்கராபரணத்தின் சுரங்கள் என்று சொல்லலாம். ராகம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், சுரவரிசை மட்டுமே பொதுவானது. குரல் நடு ஸட்ஜத்திலிருந்து மேல் ரிஷபம் வரை போகிறது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்து கட்டையில் பாடிப் பழகிய பெண்ணுக்கு அந்த உச்சச் சுரம் தம் சுருதியில் மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தையும் கடந்து நிஷாதத்தில் போய் நிற்கும். கச்சேரிக் குரலால் அதை எட்டினால் அலறலாகிவிடும். இந்தப் பாடலோ மென்மையாக, இரகசியமாகப் பாடு என்ற குறிப்போடு தொடங்குகிறது. தலைக்குரலைப் பழகும் வரை, தாழ்ந்த குரலுக்கென்று சுருதி இறக்கிய பதிப்பைப் பயன்படுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரு கட்டைக்கு இறக்கினால் அதே உச்சம் உங்கள் மேல் பஞ்சமத்தில் வந்து அமர்ந்துவிடும்.

மெட்டைக் கற்கும்போது தம்பூரா செயலியை அணைத்துவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பாடலின் உயிரே ஸட்ஜத்தைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. பியானோவின் முன்னுரை பஞ்சமத்தின் மேல் நின்றுகொண்டு தொடங்குகிறது. குரல் வானத்தை நோக்கி ஏறிப் பூமிக்கு இறங்கி, மறுபடியும் பஞ்சமத்திலேயே தொங்குகிறது. முதல் இரண்டு பத்திகளிலும் ஈரடிக்கு ஒருமுறை என்று இதே மெட்டு நான்கு முறை திரும்புகிறது. தம்பூரா ஓடிக்கொண்டிருந்தால் ஸட்ஜம் காதில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். எங்கும் இறங்காமல் மிதக்கிற அந்த உணர்வு கிடைக்காது. மூன்றாம் பத்தியில் ஆன்மா சிறகை விரிக்கும்போது மெட்டு முதன்முறையாக மாறுகிறது. கடைசிச் சொல்லான ஹவுஸ் வரும்போதுதான், வீடு என்ற அந்தச் சொல்லின் மேலேயே, குரல் ஸட்ஜத்தில் முழுமையாக அமர்கிறது. கவிதை ‘போல’ என்று தயங்கிய இடத்தில் ஷூமான் வீட்டைக் காட்டியே விட்டார் என்று நான் வாசிக்கிறேன்; ஒப்பாதவர்களும் இருப்பார்கள்.

நான்கு முறை ஒரே மெட்டு என்றதும் நம் தொண்டை சங்கதி போடத் துடிக்கும். கூடாது. ஒரு சுரத்தைக்கூட மாற்ற உரிமையில்லை, கமகமும் இல்லை. சுரத்திலிருந்து சுரத்துக்கு நேராகச் செல்ல வேண்டும். ஜாரு போல வழுக்கினால் சர்க்கரைப் பாகாகிவிடும். என் ஆசிரியை கற்றுத்தந்த வழியில் நான் இன்றும் பழகுகிறேன்: முதல் ஈரடியை ‘லூ’ என்ற ஒரே அசையில் பாடிக் கைப்பேசியில் பதிந்து, இறங்கும் சுரங்களில் எங்கே குரல் அசைகிறது என்று கேட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் அது பூமி என்ற சொல்லில்தான் இருக்கும், காந்தாரத்தைக் கண்டாலே ஆட்டும் பழக்கம் அப்படிப்பட்டது. மாற்றம் வேண்டுமானால் அது சொல்லின் நிறத்தில்தான் வர வேண்டும். கதிர்கள் அலையும் அடியில் ‘வ’கரமும் காடு சலசலக்கும் அடியில் ‘ஷ்’ஒலியும் என்ன செய்கின்றன என்று கவனித்து, மெய்யெழுத்துக்களைச் சற்று ருசித்துப் பாடினால் நான்கு முறையும் நான்கு விதமாக இருக்கும். முடிந்தால் ஈரடியை ஒரே மூச்சில் முடியுங்கள். முடியாதபோது முதல் அடியின் முடிவில் ஒரு சிறு மூச்சு போதும், சொல்லின் நடுவே எடுக்க வேண்டாம்.

பியானோவைப் பக்கவாத்தியம் என்று எண்ணுவது நாம் செய்யும் பெரிய தவறு. வயலின் நம் குரலைப் பின்தொடர்ந்து வருவதைப் போல அது வருவதில்லை. தனக்கென்று எழுதப்பட்டதை வாசித்துக்கொண்டு நம்மோடு சமமாக நடக்கிறது. வலக்கையில் ஒரே சுரங்கள் மூன்றெட்டுத் தாளத்தில் மெல்லத் துடித்துக்கொண்டே இருக்கும். எடையில்லாத விசைகள் கொண்ட மலிவான கீபோர்டில் அதைத் தணிவாக வாசிப்பது கிட்டத்தட்ட இயலாத காரியம். ஆகவே எடைவிசை கொண்ட கருவி ஒன்றைத் தேடுங்கள். இரவில் அண்டைவீட்டாரின் தூக்கத்தையும் நினைத்துச் செவிப்பொறி மாட்டிக்கொள்வது நல்லது.

இடக்கையில் ஒரு கமுக்கம் இருக்கிறது. ஜெர்மானியர் சுரங்களுக்கு இடும் பெயரில் நம் பஞ்சமமாகிய பி என்ற சுரத்தை ஹா என்கிறார்கள்; ஈ என்பதை ஏ என்கிறார்கள். பாட்டின் ஊடே அடிக்குரலில் ஏ, ஹா, ஏ என்று மூன்று சுரங்கள் வருகின்றன. அந்த எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ஜெர்மனில் திருமணம் என்ற சொல். 1838இலேயே தம் காதலி கிளாராவுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் இசைத்தன்மை மிக்கது என்று ஷூமான் குறிப்பிட்டிருந்தார். கிளாராவின் தந்தை ஃப்ரீட்ரிக் வீக் மணத்துக்கு உடன்படாமல், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1840 செப்டம்பர் 12 அன்றுதான் திருமணம் நடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை அவர் எழுதிக் குவித்ததும் அதே ஆண்டில்தான். சுருதியை இறக்கிய பதிப்பில் இந்த எழுத்து விளையாட்டு காணாமல் போய்விடும். தாழ்ந்த குரலுக்காரர்கள் கொடுக்க வேண்டிய சிறு விலை.

ஒலிப்பதிவுகளை முதல் இரண்டு வாரம் கேட்காமல் இருப்பது என் அறிவுரை. கேட்டால் அவர்களைப் போலவே பாடத் தொடங்கிவிடுவோம். பிறகு டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ் பாட கிறிஸ்டோஃப் எஷன்பாஹ் பியானோ வாசித்த பதிவையும், கிறிஸ்டியான் கெர்ஹாஹரும் கெரோல்ட் ஹூபரும் சேர்ந்து செய்த பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இதே கவிதைக்கு பிராம்ஸும் தனியாக இசையமைத்திருக்கிறார். அதைக் கேட்டால், ஷூமானுடையது இந்தக் கவிதைக்கான பல வாசிப்புகளில் ஒன்றே என்பது விளங்கும். நேரில் கேட்க விரும்பினால் கென்ட் ரிட்ஜில் உள்ள யோங் சியூ தோ இசைக் கல்லூரியின் மாணவர் நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். எஸ்பிளனேட்டின் சிற்றரங்கிலும் விக்டோரியா இசையரங்கிலும் எப்போதாவது இத்தகைய நிகழ்ச்சி அமையும். பெரிய அரங்கின் பின்வரிசையைவிடச் சிற்றரங்கின் மூன்றாம் வரிசையே இந்தப் பாடலுக்கு ஏற்றது. பாடுகிறவர் உதடு குவிவது அங்கிருந்து தெரியும்.

மேடைக்கு வந்துவிட்டால் கடைசியாகக் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஹவுஸ் என்று முடித்து, ‘ஸ்’ ஒலியை உகரம் ஒட்டாமல் விட்ட பிறகும் பாட்டு முடிந்துவிடவில்லை. பியானோ தனியே இன்னும் சில தாள அளவுகள் போகிறது. கச்சேரியில் மங்களம் முடிந்ததும் கைகூப்பிப் பழகிய உடம்பு அந்த இடத்தில் தானாகத் தளரும், கண் சபையைத் தேடும். பார்வையைத் தாழ்த்தாமல், கைகளை அசைக்காமல், பாடிக்கொண்டிருந்த அதே மூச்சோடு நின்று, பியானோ வாசிப்பவர் விசையிலிருந்து கையையும் மிதியிலிருந்து காலையும் எடுக்கும் வரை காத்திருங்கள். தலையை வணங்குவது அதற்குப் பிறகுதான், அதுவும் அவரோடு சேர்ந்து.